பொறுத்துப் போகச் சொல்லிக்கொடுத்தது போதும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் 29 ஆண்டுகள் செவிலியர் துறையில் இருந்தவள். முதல் 11 ஆண்டு வார்டில் ஸ்டாஃப் நர்ஸ், அப்புறம் நர்சிங் கல்லூரியில் ஆசிரியை. சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகத்தான் இருக்கும், ஆனாலும் முழுவதையும் படித்துவிடுங்கள்.

போன மாதம் ஒருநாள் இரவு 11.30 மணிக்கு என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். படிப்பு முடித்து எட்டு மாதம்தான் ஆகிறது, ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. எடுத்ததும் கொஞ்ச நேரம் அழுகைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அப்புறம் சொன்னாள்: "மேடம், பிபி பார்க்காமலே பார்த்ததா எழுதிட்டேன்."

38 படுக்கை உள்ள வார்டு அது. இரவுப் பணிக்கு இரண்டே பேர், இவளும் ஒரு சீனியரும். நள்ளிரவுக்கு மேல் இரண்டு புது அட்மிஷன், ஒருவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது, நடுவில் ஒரு தாத்தா உடம்பில் போட்டிருந்த கதீட்டர் குழாயைப் பிடுங்கிவிட்டார். 2 மணிக்குப் பார்க்க வேண்டிய பிபி, நாடித்துடிப்பு எதையும் பார்க்க முடியவில்லை. "முந்தின ரீடிங்கை ஒட்டி எழுதிடு, ரவுண்ட்ஸுக்குள்ள ஷீட் ஃபுல்லா இருக்கணும்" என்றாராம் சீனியர். இவளும் 120/80, 110/70 என்று வரிசையாக எழுதிவிட்டாள். 5 மணிக்குப் போய்ப் பார்த்தால், ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாளில் இருந்த ஒரு அம்மா உடம்பெல்லாம் சில்லிட்டு வியர்த்துக் கிடக்கிறார், பிபி 80க்கும் கீழே. உள்ளே ரத்தக்கசிவு. ஐசியூவுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றிவிட்டார்கள், அவர் நல்லபடியாக வீட்டுக்கும் போய்விட்டார். இவளுக்குத்தான் தூக்கம் போய்விட்டது. கேஸ் ஷீட்டில் 2 மணிக்கு நேரே இவள் கையெழுத்தில் 120/80 என்று இருக்கிறது. அதைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றாள்.

அவள் நன்றாகப் படித்த பெண். தொழில் அறம் பாடத்தில் வகுப்பிலேயே அதிக மார்க் வாங்கியவள். நோயாளியின் விருப்பத்துக்கு மதிப்பு, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்ற நான்கு கொள்கைகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். அந்த இரவு 2 மணிக்கு அந்த நான்கில் ஒன்றுகூட அவளுக்குத் துணைக்கு வரவில்லை. அதைக் கற்றுக்கொடுத்தவள் நான் என்பதால்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021ல் பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தை மாற்றியபோது, தொழில் மதிப்பீடுகளும் அறமும் நான்காவது செமஸ்டரில் தனிப் பாடமாகவே வந்தது. 20 மணி நேரம், ஒரு கிரெடிட். அதற்கு முன்பு முதலாம் ஆண்டுப் புத்தகத்தில் ஏதோ ஒரு அத்தியாயமாகத்தான் நாங்கள் நடத்திக்கொண்டிருந்தோம், ஆகவே அந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்றேன். ஆனால் அந்த 20 மணி நேரம் எப்படிப் போகிறது என்று பல கல்லூரிகளில் பார்த்துவிட்டேன். காலையில் 7 மணிக்கே வார்டுக்குப் போய் நின்றுவிட்டுச் சாப்பிட்டுத் திரும்பிய பிள்ளைகளுக்கு, மதியம் 3 மணிக்கு, கண்ணைச் சொக்கும் நேரத்தில், நோட்ஸ் சொல்லி எழுத வைப்போம். வரையறை, வகைகள், செவிலியரின் பொறுப்புகள். பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி ஒன்று, பதினைந்து மார்க் கேள்வி ஒன்று. முடிந்தது.

அதே பிள்ளைகளுக்கு நாள் முழுவதும் வேறொரு பாடம் நடந்துகொண்டே இருக்கிறது. சீனியர் வந்தால் எழுந்து நில். டாக்டர் கத்தினால் தலையைக் குனிந்துகொள். நோயாளியின் சொந்தக்காரர் எகிறினால் பதில் பேசாதே. உடம்புக்கு முடியவில்லை என்று லீவு கேட்டால் "இப்பவே இப்படின்னா நாளைக்கு எப்படி வேலை பார்ப்பே?" இதையெல்லாம் தாங்கிக்கொள்கிறவளைத்தான் மனத்திடம் உள்ளவள் என்கிறோம், நானே பல பிள்ளைகளுக்கு அப்படிச் சான்றிதழில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது தப்பு என்று புரிய எனக்கு நிறைய வருஷம் ஆனது. வாயை மூடிக்கொண்டு தாங்கப் பழகியவள், சீனியர் "எழுதிடு" என்று சொன்னால் எழுதித்தான் கொடுப்பாள். அவளை அதற்குத்தானே பழக்கினோம்?

விளக்கேற்றும் விழாவில் வெள்ளைச் சீருடை போட்டுக்கொண்டு பிள்ளைகள் நைட்டிங்கேல் உறுதிமொழி எடுக்கும்போது எனக்கு இன்றும் கண் கலங்கும். ஆனால் அந்த உறுதிமொழி நைட்டிங்கேல் எழுதியதில்லை. 1893ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு செவிலியர் பள்ளியில் எழுதினார்கள், அதன் மூல வடிவத்தில் மருத்துவரின் பணிக்கு விசுவாசத்தோடு துணை நிற்பேன் என்று ஒரு வரி உண்டு. 1953ல் பன்னாட்டுச் செவிலியர் பேரவை முதன்முதலில் அறநெறிக் கோவை ஒன்றை ஏற்றபோதும் மருத்துவர் சொல்வதைப் புத்தியோடும் விசுவாசத்தோடும் நிறைவேற்றுவது கடமை என்றே இருந்தது. கூடவே, அறமில்லாத காரியத்தில் பங்கெடுக்க மறுக்க வேண்டும் என்றும் இருந்தது, அதை மறந்துவிடக் கூடாது. 1973ல் அதைத் திருத்தியபோதுதான் செவிலியரின் முதல் பொறுப்பு பராமரிப்பு தேவைப்படும் மக்களுக்கே என்று தெளிவாக வந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் வார்டுகளில் பல இன்னும் 1953லேயே நிற்கின்றன.

போன் செய்த அந்த மாணவி பட்ட பாட்டுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் ஆண்ட்ரூ ஜேம்டன் 1984ல் செவிலியர்களைப் பற்றி எழுதும்போது வைத்த பெயர். செய்ய வேண்டியது எது என்று நன்றாகத் தெரியும், ஆனால் வேலை செய்யும் இடத்தின் அமைப்பு அதைச் செய்யவிடாது, அப்போது உள்ளே அறுக்கும் அந்த வேதனை. தமிழில் அற உளைச்சல் என்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். இது வேலை அசதி மாதிரி கிடையாது. அசதிக்கு இரண்டு நாள் லீவு போட்டுத் தூங்கினால் சரியாகும். இது லீவில்தான் அதிகமாகும், சும்மா இருக்கும்போதுதான் அந்த முகம் கண்ணுக்குள் வரும். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போது ஒன்று வேலையை விட்டு ஓடுகிறார்கள், இல்லை மரத்துப்போகிறார்கள். நோயாளி வலியில் கத்தினாலும் திரும்பிப் பார்க்காத சிஸ்டரை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள், திட்டியும் இருப்பீர்கள். அவரும் ஒரு காலத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கியவர்தான்.

என் கதையைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், பெண்கள் வார்டில் ஒரே பெயரில் இரண்டு பேர், பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. ஒருவருக்குப் போட வேண்டிய ஆன்டிபயாடிக் ஊசியை மற்றவருக்குப் போட்டுவிட்டேன். சிரிஞ்சை எடுத்த அடுத்த நொடி தெரிந்துவிட்டது. கை கால் உதற ஆரம்பித்தது. யாரும் பார்க்கவில்லை, சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அன்றைக்கு ஹெட் சிஸ்டராக இருந்தவர் ரொம்பக் கண்டிப்பானவர், அவர் வந்தாலே நாங்கள் நடுங்குவோம். அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவே இல்லை. முதலில் அந்த நோயாளிக்கு அலர்ஜி ஏதாவது உண்டா என்று கேட்டார், பக்கத்திலேயே உட்கார்ந்து நாடியைப் பார்த்தார், அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு டியூட்டி டாக்டரிடம் கூட்டிப்போனார். "தப்பு நடந்துபோச்சு டாக்டர். இந்தப் பொண்ணு அதுவாவே வந்து சொல்லிச்சு. இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க." நோயாளியிடமும் சொல்ல வைத்தார், அவர் வீட்டுக்காரர் சத்தம் போட்டபோது கூடவே நின்றார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே அந்த இரண்டு படுக்கைகளையும் தள்ளித் தள்ளிப் போட்டார், ஒரே பெயர் உள்ளவர்களின் சீட்டில் சிவப்பு மையால் குறி வைக்கச் சொன்னார். நான் அறம் படித்தது அந்த அரை மணி நேரத்தில்தான். தெம்பும் அங்கேதான் வந்தது. தப்பைச் சொன்னால் தலை போகாது என்று கண்ணால் பார்த்துவிட்டேன், அப்புறம் ஓய்வு பெறும்வரை எதையும் மறைக்க வேண்டி வரவில்லை.

எல்லோருக்கும் அப்படி ஒரு சிஸ்டர் கிடைப்பதில்லை. 2017 டிசம்பரில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ரடோண்டா வாட் என்ற செவிலியர், ஸ்கேனுக்குப் போன 75 வயது நோயாளிக்கு மனப்பதற்றம் குறைக்கும் மருந்துக்குப் பதில் தசைகளையே செயலிழக்கச் செய்யும் வெகுரோனியத்தைக் கொடுத்துவிட்டார். நோயாளி இறந்துவிட்டார். பயங்கரமான தவறு, பல எச்சரிக்கைகளைத் தாண்டிப் போய் நடந்த தவறு, அதில் சந்தேகமில்லை. ஆனால் தெரிந்த உடனே அவரே ஒப்புக்கொண்டார். வேலை போயிற்று, உரிமம் போயிற்று, 2022 மார்ச்சில் நீதிமன்றம் குற்றவாளி என்றே தீர்ப்பளித்தது, மே மாதம் மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை கொடுத்தது. இறந்தவரின் குடும்பத்துக்கு நியாயம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு உலகம் முழுக்கச் செவிலியர்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: இனிமேல் யார் தவறை வாய்விட்டுச் சொல்வார்கள்? சொல்லாவிட்டால் அதே தவறு அடுத்த வார்டில் அடுத்த வாரம் நடக்கும். மருந்து அலமாரியில் அதே இரண்டு புட்டிகள் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும்.

சரி, கல்லூரியில் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். கடைசி நான்கு வருஷம் நான் நோட்ஸ் சொல்வதை நிறுத்திவிட்டு வேறு மாதிரி நடத்திப் பார்த்தேன். ஒரு மாணவி கட்டிலில் பாட்டியாகப் படுத்துக்கொள்வாள், இன்னொருத்தி நைட் டியூட்டி சிஸ்டர், மூன்றாவது பெண் பாட்டியின் மகள். மகள் முதலில் வந்து காதில் சொல்வாள்: "சிஸ்டர், கேன்சர்னு அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாங்க." இது நம் ஊரில் எந்த ஆஸ்பத்திரியிலும் தினமும் நடக்கிற விஷயம். அப்புறம் ராத்திரி மகள் தூங்கிய பிறகு பாட்டி கேட்பாள்: "ஏன் தாயி, எனக்கு என்ன சீக்கு? நீயாவது சொல்லு."

முதல் வருஷம் இதை நடத்தியபோது வகுப்பு அப்படியே நின்றுவிட்டது. ஒருத்தி "ஒண்ணும் இல்ல பாட்டி, சாதாரணக் கட்டிதான்" என்று பொய் சொன்னாள், சொல்லிவிட்டு அவளே அழுதாள். இன்னொருத்தி உண்மையைப் பட்டென்று உடைத்தாள், பாட்டியாக நடித்த பெண்ணுக்கே முகம் வெளுத்துவிட்டது. ஒருத்தி "டாக்டர்கிட்ட கேளுங்க" என்று திரும்பிப் போய்விட்டாள். மூன்றுமே தப்பு என்று அவர்களுக்கே தெரிந்தது, சரியானது எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு வாரம் பேசினோம். கடைசியில் ஒரு மாணவி கட்டில் ஓரமாக உட்கார்ந்து, "உங்களுக்கு என்னன்னு தோணுது பாட்டி?" என்று கேட்டாள். பாட்டியாக இருந்தவள் எழுதிவைத்த வசனத்தை மறந்துவிட்டு, "பெரிய சீக்குன்னு தெரியும் தாயி, பிள்ளைங்க அழுவுறதப் பாத்தேன்" என்றாள். அந்தப் பதிலை நாங்கள் யாரும் எழுதி வைக்கவில்லை. பொய்யும் சொல்ல வேண்டாம், போட்டும் உடைக்க வேண்டாம், அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்டு, காலையில் டாக்டரிடமும் மகளிடமும் "அம்மா கேட்கிறாங்க, நீங்க பேசுங்க" என்று எடுத்துச் சொல்லலாம் என்று அன்றைக்குப் புரிந்தது. நோயாளியின் விருப்பத்துக்கு மதிப்பு என்ற கொள்கைக்கு உடம்பும் குரலும் வந்தது அப்போதுதான்.

டாக்டரிடம் பேசுவதையும் அப்படித்தான் வாய்விட்டுச் சொல்ல வைத்துப் பழக்கினேன். "சார், இந்த டோஸ் எனக்குச் சரியாகப் படவில்லை, ஒரு தடவை பார்த்துவிடுங்கள்." எளிமையான வாக்கியம்தான், ஆனால் வகுப்பில் கூட முதல் தடவை அதைச் சொல்லும்போது பாதிப் பேருக்குக் குரல் எழும்பவில்லை. பத்து தடவை சொல்லச் சொல்லித்தான் வந்தது. ஊசி போடப் பொம்மையின் கையில் எத்தனை தடவை குத்திப் பழகுகிறோம்? எதிர்த்து ஒரு வார்த்தை பேச மட்டும் பழக்கமே இல்லாமல் வந்துவிடும் என்று எப்படி நினைத்தோம்?

போன் செய்த அந்த மாணவியும் இந்த வகுப்பில் உட்கார்ந்தவள்தான். அப்படியானால் உங்கள் வகுப்பு தோற்றுவிட்டதே என்று யாராவது சொன்னால், பாதி ஒத்துக்கொள்வேன். கல்லூரியில் மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு, அதற்கு நேர் எதிராக நடக்கும் வார்டில் தனியாக விட்டுவிட்டால் எந்தப் பிள்ளையாலும் நிற்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம்தான் உண்மையான படிப்பு. அந்த ஒரு வருஷத்துக்குப் புதிதாக வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்த செவிலியரை வழிகாட்டியாகப் போட வேண்டும், அந்த மூத்தவருக்கு அதற்கென்று பயிற்சியும் நேரமும் தர வேண்டும். இப்போது நடப்பது, மூன்றாம் நாளே நைட் டியூட்டி.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகச் செவிலியர்கள் வேலையில் இருக்கும் செவிலியர்களுக்காகவே ஆறு பயிலரங்குகள் கொண்ட ஒரு பயிற்சியை நடத்தியிருக்கிறார்கள். மனதை நிதானப்படுத்துவது, அறச்சிக்கலை அடையாளம் காண்பது, பேச வேண்டியதைப் பேசுவது எல்லாம் ஒரே பயிற்சியில். இன்னொன்று, பாஸ்டனில் கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற வழக்கறிஞர் நுரையீரல் புற்றுநோயில் இறப்பதற்கு முன்பு தன்னைக் கவனித்தவர்களின் பரிவை நினைத்துத் தொடங்க வழிசெய்த அமைப்பு. 1995ல் தொடங்கியது. அதன் வழியாக வந்த வழக்கம், டாக்டர், நர்ஸ், வார்டு பணியாளர் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரு நோயாளியைக் கவனித்தபோது தங்கள் மனதுக்கு என்ன ஆயிற்று என்று பேசுவது. சிகிச்சையைப் பற்றி அங்கே விவாதம் கிடையாது. நம் ஊரில் இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. மாதம் ஒரு மணி நேரம், ஒரு அறை, எல்லோருக்கும் டீ. டாக்டரும் சிஸ்டரும் ஒரே வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும், அதுதான் நம்மிடம் கஷ்டம்.

இதில் எங்கள் பக்கக் குறையையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. பிரசவ வார்டில் பிள்ளையைக் காட்டக் காசு கேட்பது இன்னும் சில இடங்களில் நடக்கிறது, கை நீட்டுகிறவர் வேறு யாராகவோ இருக்கலாம், ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நகர்ந்த செவிலியர்களில் நானும் ஒருத்தி. எச்ஐவி உள்ளவரின் படுக்கையை ஒதுக்கிப் போடுவதும் கேஸ் ஷீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைப்பதும் 2017ல் தனிச்சட்டம் வந்த பிறகும் என் கண்முன்னே நடந்திருக்கிறது. மாணவிகள் இதைப் பார்க்கிறார்கள். நாங்கள் நடத்தும் பாடத்தைவிட இதைத்தான் நன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

செவிலியரின் மனத்திடம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது மும்பை கேஇஎம் மருத்துவமனை. 1973 நவம்பர் 27 அன்று அங்கே வேலை பார்த்த இளம் செவிலியர் அருணா ஷான்பாக்கை அதே மருத்துவமனை ஊழியன் ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்து வன்கொடுமை செய்தான். மூளை பாதிக்கப்பட்டு அவர் படுத்த படுக்கையானார். 2015 மே 18ல் இறக்கும்வரை, கிட்டத்தட்ட 42 வருஷம், அங்குள்ள செவிலியர்கள்தான் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை வருஷமும் படுத்தே கிடந்த உடம்பைப் படுக்கைப்புண் வராமல் காப்பது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். அவருக்காகப் போடப்பட்ட கருணைக்கொலை மனுவில் 2011ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, அருணாவுக்காக முடிவெடுக்கும் உரிமை உள்ள உற்ற துணை அந்த மருத்துவமனை ஊழியர்கள்தான் என்று நீதிபதிகள் சொன்னார்கள். அருணா நடமாடியதைப் பார்த்தே இராத, அவர் படுக்கையில் விழுந்த பிறகு பிறந்த பெண்கள்கூட டூட்டி போட்டு அவரைக் கவனித்தார்கள்.

இதைச் சொல்லும்போது எல்லோரும் அவர்கள் பொறுமையைத்தான் புகழ்வார்கள். எண்பதுகளில் அருணாவை அங்கிருந்து வெளியே மாற்ற மாநகராட்சி முயன்றபோது அதே செவிலியர்கள்தான் போராட்டத்தில் இறங்கித் தடுத்தார்கள். அதையும் சேர்த்துத்தான் மாணவிகளுக்குச் சொல்ல வேண்டும். புரட்டிப் படுக்கவைத்த கையும் போராடிய கையும் ஒரே கைதான். ஒருவருக்கொருவர் பக்கத்தில் இருந்ததால் முடிந்தது, தனியாளாக யாரும் அதைச் செய்யவில்லை.

அப்புறம், ஆள் பற்றாக்குறை. இதைப் பேசாமல் அறம், மனத்திடம் என்று பேசுவதெல்லாம் வீண். பொது மருத்துவமனை வார்டில் 5 நோயாளிக்கு ஒரு செவிலியர், போதனா மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒருவர் என்பது நர்சிங் கவுன்சிலின் பரிந்துரை. 38 பேருக்கு இருவர் என்றால் ஒருத்திக்கு 19 பேர். ஒருவருக்கு பிபி, நாடி, மூச்சு, காய்ச்சல் பார்த்து எழுத நான்கு நிமிடம் என்று வைத்தாலும் ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்கிடையில் ரத்தம் ஏற்றுகிறவரின் பக்கத்தில் யார் நிற்பது? அந்த ஷீட்டைப் பொய்யாக நிரப்பியது இவள் கைதான், அதை நான் மறுக்கவில்லை, அவளிடமும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் இரண்டு பேரைப் போட்டு 38 கட்டங்களும் நிரம்பியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தவர்களும் அந்தப் பொய்யில் பங்காளிகள்.

கொரோனா காலத்தில் தமிழக அரசு தேர்வு வாரியம் மூலம் ஒப்பந்தத்தில் செவிலியர்களை எடுத்தது. மாதம் 14,000 ரூபாய். கவச உடைக்குள் வியர்த்து ஊறிக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல், பெற்ற பிள்ளையை வீடியோவில் பார்த்துக்கொண்டு வேலை செய்தவர்கள். ஜன்னல் வழியாகக் கைதட்டினோம். 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு அவர்கள் ஒப்பந்தம் முடிகிறது என்று ஆணை வந்தது, புத்தாண்டில் அவர்கள் தெருவில் நின்று போராட வேண்டியிருந்தது. அவர்களில் சிலர் என் மாணவிகள். இவர்களை உட்கார வைத்து மனத்திடம் பற்றிப் பயிற்சி வகுப்பு எடுக்கச் சொன்னால் எனக்கு நா எழாது. மே 12 செவிலியர் தினத்துக்குக் கேக் வெட்டி ரோஜாப்பூ கொடுப்பதையும் மன அழுத்தம் குறைக்க யோகா வகுப்பு வைப்பதையும் நான் குறை சொல்லவில்லை, யோகா எனக்கே பிடிக்கும், ஆனால் ஆள் போடுவதற்குப் பதிலாக யோகா போட்டால் அது ஏமாற்று.

2023ல் நாடாளுமன்றம் தேசிய செவிலியர் மற்றும் பேறுகால உதவியாளர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது அது. அதில் மூன்று வாரியங்கள், ஒன்றின் பெயரே அறநெறி மற்றும் பதிவு வாரியம். அந்த வாரியத்தில் உட்காரப்போகிறவர்களுக்கு இந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை. தவறு செய்த செவிலியரின் பதிவை ரத்து செய்வது மட்டும் அந்த வாரியத்தின் வேலையாகிவிடக் கூடாது. அந்த 20 மணி நேரத்தை நான்காவது செமஸ்டரில் அடைத்து வைக்காமல் ஒவ்வொரு வார்டு போஸ்டிங்கிலும் வாரம் ஒரு மணி நேரமாகப் பிரித்துக் கொடுங்கள். அந்த வாரம் வார்டில் பிள்ளைகள் கண்ணால் பார்த்ததையே பாடமாக வைக்கச் சொல்லுங்கள். அதற்கு மார்க் போட வேண்டாம், மார்க் என்றால் பிள்ளைகள் நமக்குப் பிடித்ததைத்தான் சொல்லுவார்கள். பதிவைப் புதுப்பிக்கத் தொடர் கல்வி மணிகள் கேட்கிறீர்களே, அதில் ஒரு பங்காவது இதற்கென்று இருக்கட்டும், சான்றிதழுக்காக ஹாலில் உட்கார்ந்து போன் பார்த்துவிட்டு வருகிற கூட்டமாக இல்லாமல். தவறை அவராகவே வந்து சொன்ன செவிலியருக்குப் பாதுகாப்பு எழுத்தில் வேண்டும். ஆசிரியர்களுக்கும் பயிற்சி வேண்டும், முக்கியமாக மாணவியை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துவது கண்டிப்பு என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். ஆஸ்பத்திரியில் தவறு நடந்தால் "நர்ஸ் அலட்சியம்" என்று தலைப்புப் போடுகிறீர்கள். அலட்சியமாக இருந்தால் போடுங்கள். அன்றைக்கு அந்த வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர்கள், அவர் அன்று எத்தனையாவது மணி நேரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் கேட்டு அதே செய்தியில் போடுங்கள். மனம் உடைந்து போகிற செவிலியர்கள் யாராவது இதைப் படித்தால், 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். நோயாளிகளுக்கு அந்த எண்ணை எழுதிக் கொடுக்கிற நாம் நமக்காக அதை அழைப்பதே இல்லை.

அந்த மாணவியிடம், நடந்ததை எழுதிக்கொண்டு போய் நர்சிங் சூப்பரின்டெண்டென்டிடம் கொடு என்றேன். பயந்தாள். இரண்டு நாள் கழித்துப் போனாள். அவர் காகிதத்தைப் படித்துவிட்டு, "சரி, போனது போகட்டும், இதைக் கிளறாதே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அதை அவள் பத்திரமாக வைத்திருக்கிறாள். ஆனால் அன்றிலிருந்து ஷீட்டில் ஒரு கட்டத்தைக்கூட அவள் பொய்யாக நிரப்பவில்லை. பார்க்க முடியாமல் போனால் அந்தக் கட்டத்தில் "பார்க்க இயலவில்லை" என்று எழுதி, நேரமும் காரணமும் போட்டுக் கையெழுத்திடுகிறாள். சீனியருக்குக் கோபம், இரண்டு நாள் பேசவில்லை. போன வாரம் மூன்று இடத்தில் அப்படி எழுதியிருந்ததைக் காலை ரவுண்ட்ஸில் டாக்டர் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டிருக்கிறார். "38 பெட் சார், ரெண்டு பேர்" என்றாளாம். அவர் கொஞ்ச நேரம் அந்த ஷீட்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அதற்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனாராம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலிய ஆசிரியை,
திண்டுக்கல் மாவட்டம்.